நெருப்பில் காட்டாத சோதனை

ஆடி 4, செவ்வாய்
விடாத சாரல். மலைமேல் அரியூர் நாட்டில் முகாம், ஓலைக் கொட்டகை. புளியஞ்சோலையிலிருந்து தலைச்சுமையாக வந்த ரத்த அழுத்தக் கருவி பிழைத்தது, பாதரசம் சிந்தவில்லை. என் முழங்கால்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வேண்டியவை: ஸ்பிரிட், பஞ்சு, அட்டைக்கடிக்குப் புகையிலை. யுத்த காலம், ஸ்பிரிட் கிடைப்பது சந்தேகம்.

பிரசவத்தில் வலிப்பு வருகிறதே, அதற்கு முன் அழுத்தம் ஏறுகிறதா, சிறுநீரில் அல்புமின் என்கிற வெண்சத்து இறங்குகிறதா, எது முந்தி? இதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன். கீழே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சிரித்தார். "மலைக்காரிக்கு ஏதும்மா பிரஷர்?" பார்த்துவிடுவோம்.

முதல் நாளே மாசமான பெண்கள் நிறையப் பேர். வெண்சத்து இருக்கிறதா என்று பார்க்க, எல்லார் முன்னாலும் ஒருத்தியின் சிறுநீரைக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சினேன். சட்டென்று பேச்சு நின்றது. ஏனென்று புரியவில்லை.

ஆடி 5
ஒருத்தியும் வரவில்லை. என்னோடு வந்த கம்பவுண்டர் விசாரித்து வந்தார். மாசமானவளின் சிறுநீர் தீயில் பட்டால் வயிற்றிலிருப்பதும் வெந்துவிடுமாம். சூடு ஆறாத சாம்பல் கிடக்கும் பக்கம்கூட ஒதுங்க மாட்டார்களாம். "ஊரே கரிச்சுக் கொட்டுதுங்கம்மா." எனக்குக் கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாலை வழியில் வெள்ளையம்மா என்றொருத்தி. எட்டு மாசம், தலைப்பிள்ளை, சாமைக் காட்டில் களையெடுத்துத் திரும்புகிறாள். முகம் உப்பியிருந்தது. தலைவலி உண்டா என்றேன்.

"வலிக்குதுங்க. கண்ணுல மின்மினியாட்டம் பறக்குதுங்க."

மாமியார் நல்லம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வலிப்புக்கு முன் வரும் அடையாளங்கள் இவை.

ஆடி 6
காலையில் பல் துலக்கும்போது நினைவு வந்தது. நைட்ரிக் அமிலம்! மரு எடுக்க ஒரு புட்டி வைத்திருக்கிறேன். அமிலத்தின் மேல் சிறுநீரை மெல்ல விட்டால் போதும், வெண்சத்து இருந்தால் இரண்டும் சேருமிடத்தில் வெள்ளை வளையம். தீயே வேண்டாம். மடச்சி, முன்பே தோன்றியிருக்கக் கூடாதா.

நேரே அவர்கள் வீடு. முதலில் என்னுடையதையே சோதித்துக் காட்டினேன். வளையம் இல்லை. அப்புறம் வெள்ளையம்மாவுடையது. தடித்த வளையம். அழுத்தம் 170.

நல்லம்மா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூத்த மருமவளும் இப்பிடித்தானுங்க மொகம் ஊதிக் கெடந்தா. வலிப்பு வந்து போயிட்டா. முனி அடிச்சுருச்சுன்னாங்க."

"முனி இல்லைங்க. இதுதான்."

"செரி. என்ன பண்ணோணும்?"

கொட்டகைக்குக் கூட்டி வந்தோம். இருட்டறை, பால், உப்பில்லாத கஞ்சி, வலிப்பைத் தடுக்க மக்னீசியம் ஊசி. கீழே தூக்கிப் போக முடியாது, பாதை முழுக்க வழுக்கல்.

ஆடி 9
மழை. அழுத்தம் 180. இனிக் காத்திருந்தால் இரண்டு உயிரும் போகும். பிரசவ வலியை வரவழைக்கப் பனிக்குடத்தை உடைத்தேன்.

ஆடி 10
விடிந்ததும் ஒரு வலிப்பு. மறுபடி ஊசி. மத்தியானம் பிரசவம். ஆண். மூச்சில்லை. ஊதினேன், தட்டினேன், வெந்நீரில் முக்கினேன். இல்லை. கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

சாயங்காலம் வெள்ளையம்மா கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். நல்லம்மா புகட்டினாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆடி 14
அழுத்தம் 140. மின்மினி போயிற்று. கஞ்சி இரண்டு தடவை குடித்தாள். வீட்டுக்கு அனுப்பினேன்.

எது முந்தி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வீக்கம் வருவதற்கு முன்பே, ஆறாம் மாசத்திலிருந்து பார்க்க வேண்டும், ஒருத்தியை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை செத்துப் பிறந்த கொட்டகைக்கு இனி யார் வருவார்கள்? மூட்டை கட்டலாம் என்கிறார் கம்பவுண்டர். முடியாது என்றேன். யாரும் வராவிட்டால் வீடு வீடாக நான் போவேன்.

ஆடி 15
வெயில். துணி உலர்த்தினேன். அடுப்பு மூட்டும்போது வாசலில் நல்லம்மா. கூடவே மாசமாயிருக்கும் அவள் மகள், ஆறாம் மாசம். நல்லம்மா கையில் இலை போட்டு மூடிய கொட்டாங்குச்சி.

"மூத்த மருமவ கண்ணு முழிக்கவே இல்லீங்க. இவ முழிச்சுட்டா," என்றாள். கொட்டாங்குச்சியை என்னிடம் நீட்டினாள், உள்ளே மகளின் சிறுநீர்.

தீயில் காட்ட மாட்டேன், பயப்பட வேண்டாம் என்றேன்.

"சுடறதுன்னாலும் சுடுங்க. பாத்துச் சொல்லுங்க."