பதில் சொல்லாத உன் குரல்

எடியே,

கைப்பையைத் திறந்தால் இன்னும் அதிமதுரம்தான் மணக்கிறது. ஆட்டத்துக்கு முன் தொண்டைக்கு இதமாக நீ வாயில் அடக்கிக்கொள்வாயே, அந்தத் துண்டுகள் கிடந்த தகரப் பேணியில்தான் நேற்றுவரை உன் குரலை வைத்திருந்தேன். விரல் நீளப் பென்டிரைவ் ஒன்று. நீ போன பிறகு நம் குழு அதை வைத்துத்தான் நாடகம் போடுகிறது. நீ பேசுகிறாய், உன் பாத்திரத்தில் நின்று நான் வாயசைக்கிறேன். உயிரோடு இருந்தபோதும் நீ என்னை எங்கே பேசவிட்டாய்?

வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகிறவளின் கதை அது. பையோடு றோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்பாள். சுற்றியிருக்கிற சனத்தைப் பார்த்து, "நான் போகட்டா, நிக்கட்டா? சொல்லுங்க" என்பாள். அந்த இடத்தில் நீ உண்மையாகவே நின்றுவிடுவாய். யாராவது வாய் திறக்கும்வரை நாடகம் நகராது. மாமியாராக வேடம் கட்டிய நான், "கெதியா முடியடி, கால் கடுக்குது" என்று பல்லுக்குள் சொன்னாலும் அசையமாட்டாய்.

ஏறாவூரில் ஒரு பெண், "புள்ளைய உம்மாக்கிட்ட உட்டுட்டுப் போங்க ராத்தா, அல்லாஹ் இரிக்கான்" என்றாள். வாகரையில் ஒரு மீன்காரர், "போகாத புள்ள, களப்புல மீன் இரிக்கி" என்றார். "மீன வித்துக் கூரை போடலாமா, அண்ணன்?" என்று நீ அவரோடு மல்லுக்கு நின்றாய். அடுத்த ஊரில் அவர்களுடைய பேச்சு உன் வாயில் வசனமாக வந்தது. நாடகத்தில் பாதிக்கு மேல் இப்படி ஊர்கள் தந்ததுதான். கொழும்பில் மண்டபக்காரர் ஒருவர், கொஞ்சம் நல்ல தமிழில் போடலாமே என்றபோது, "நாங்க கதைக்கிறது பின்ன என்ன தமிழாம்?" என்று கேட்டுவிட்டு வந்தாய். அந்த மேடை நமக்குக் கிடைக்கவில்லை. நீ நிம்மதியாகத் தூங்கினாய், எனக்குத்தான் வயிறு எரிந்தது.

தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும், சத்திரசிகிச்சைக்கு முன்பே குழுவிலிருந்த இளசுகள் உன்னைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். "நான் போகட்டா, நிக்கட்டா?" என்ற இடத்துக்குப் பின் வயலின் சேர்த்தார்கள். அது முடிந்ததும், "சரி அக்கா, அப்ப நான் போறன்" என்று உன் குரல் வரும். அழகாகத்தான் இருந்தது. ஊர்ப்பேச்செல்லாம் பத்திரமாகிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

போன கிழமை பனிச்சங்கேணியில், கோயில் வளவில் ஆடினோம். உன் குரல் கேட்டது, வயலின் எழுந்தது. சனத்துக்கு நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"நான் போய் வந்தவள் புள்ள. திரும்பி வரக்குள்ள என்ட மகள் என்னக் கண்டு பயந்து அழுதவள். நீ உன்ட புள்ளைக்கு என்ன சொல்லிட்டுப் போறாய்?"

"சரி அக்கா, அப்ப நான் போறன்" என்றாய் நீ.

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் முந்தானையை இழுத்துக்கொண்டு உட்காரப் போனாள். ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "பதில் வேணாமெண்டா கேக்கப்படாதுகா" என்று எத்தனை தரம் எங்களை ஏசியிருப்பாய்! நீ அடுத்த வசனத்தைத் தொடங்கிவிட்டாய். நான் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினேன். பாதிச் சொல்லில் நின்றுபோனாய். இரண்டாவது தரம் நீ செத்த மாதிரி இருந்தது எனக்கு.

"எனக்குத் தெரியல்ல அக்கா. நீங்க என்ன சொல்லிட்டுப் போனநீங்க?" என்று கேட்டேன்.

உட்காரப் போனவள் திரும்பி நின்றாள்.

"ஒண்டும் சொல்லல்ல புள்ள. அவள் நித்திரையில கிடந்தவள். எழும்பினா விடமாட்டாள் எண்டு, செருப்பையும் கையில எடுத்துக்கிட்டுப் போனனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது வாகனத்தில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. "அவவின்ட குரல நிப்பாட்ட உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?" என்று இறங்கும்போது இளசுகளில் ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. அதை விட்டால் உன்னுடையதென்று எங்களிடம் வேறென்ன இருக்கிறது? நானும் இரவில் அதைப் போட்டுக் கேட்டு அழுகிறவள்தானே. நீ இருந்திருந்தால் என்னை மெச்சியிருப்பாயா, ஏசியிருப்பாயா என்று நினைத்து நினைத்து மண்டை வலிக்கிறது.

நாளைக்கு ஏறாவூரில் ஆட்டம். பென்டிரைவை அலுமாரியில் வைத்துவிட்டேன். கோபிக்காதே. பேணியின் அடியில் கிடந்த அதிமதுரத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து அந்தப் பனிச்சங்கேணிப் பெண்ணின் வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். செருப்பு என்ற இடத்தில் எனக்குக் குரல் உடைகிறது. நீயென்றால் உடையாமல் சொல்லியிருப்பாய். ஆனால் உன் பதிவில் அந்த வசனம் இல்லையேயடி.