காக்கை தொடாத சோறு

ஏனுங்க, காக்கை இன்னும் இறங்கவில்லை. இன்று உங்களுக்கு முதல் திதி. மொட்டைமாடியில் இலை போட்டு எள்ளுச் சோறு வைத்திருக்கிறோம். உங்கள் தங்கை தொண்டை வறளக் கூப்பிட்டுவிட்டாள். கைப்பிடிச் சுவரில் ஒன்று உட்கார்ந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

"நங்கையா, அண்ணனுக்கு ஏதோ மனக்கொறைங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் கூப்புடுங்க" என்கிறாள் என்னிடம். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

எண்பதுகளில் நீங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முதலாளி எல்லார் முன்னாலும் நாயே பேயே என்று திட்டுவார். நீங்கள் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை விசிறுவீர்கள். அப்புறம் எங்கிருந்தோ ஒரு புத்தர் புத்தகம் கிடைத்தது. புத்தரை ஒருவன் வாயில் வந்தபடி ஏசுகிறான். "விருந்தாளி தொடாத சோறு யாருக்கு?" என்று அவர் கேட்கிறார். வைத்தவனுக்குத்தான் என்கிறான். அப்படியானால் உன் வசவும் உனக்கே என்கிறார். அதைப் படித்த பிறகு நம் வீட்டில் தட்டு பறக்கவில்லை. முதலாளி கத்தக் கத்த நீங்கள் துணி வெட்டிக்கொண்டே இருந்தீர்களாம். மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தேன், பைத்தியக்காரி.

அப்புறம் நான் உண்டானேன். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போனது. ஷிப்மெண்ட், சரக்குக் கப்பலுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் வரவில்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். சட்டையைப் பிடித்து உலுக்கி, வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சிரித்த முகமாகச் சொன்னீர்கள்: "இது உன்ற கோவம், அம்மிணி. நான் வாங்கிக்கல."

அட பாவி மனுசா! பெற்ற பிள்ளைக்காக அழுததும் முதலாளியின் வசவும் உங்களுக்கு ஒன்றா? அதற்குப் பிறகு நான் கத்தவே இல்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன்.

போன வருடம் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்தீர்கள். கடைசியில் என் கையைப் பிடித்து, "அன்னைக்கு ஆஸ்பத்திரில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்க, அம்மிணி" என்று அழுதீர்கள். பாடம் எனக்கும் நன்றாகவே ஏறியிருந்தது.

"நான் வாங்கிக்கலீங்க" என்றேன். உங்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வருத்தமெல்லாம் இல்லை, போங்கள்.

காக்கை பறந்துவிட்டது. உங்கள் தங்கை அழுகிறாள். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. இலையோடு சோற்றைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாய் போட்டேன். தொடாத சோறு வைத்தவளுக்கே, சரி. நான் வாங்காத உங்கள் "மன்னிச்சுக்க"? சொன்னவர் செத்துவிட்டால் அது யாருக்கு என்று உங்கள் புத்தர் சொல்லவில்லையே. அது என்னிடம்தான் இருக்கிறதுங்க. சோறு இறங்க மாட்டேன் என்கிறது.