அலுமாரியில் றிஷ்னாவின் இடம்

கண்டக்குழி,
12.06.2012

அன்புள்ள ராத்தாவுக்கு,

தங்கை றைஸாவின் ஸலாம். நீங்களும் மச்சானும் பிள்ளை றிஷ்னாவும் மறிச்சுக்கட்டியில் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். எனக்குக் களைப்பைத் தவிர வேறு குறையில்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன, வகுப்பெல்லாம் மணல். கூட்டிக் கூட்டி இடுப்பு விட்டுப்போயிற்று.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிக்காதீர்கள். நீங்கள் போனை எடுத்தாலே றிஷ்னா தோளில் தொங்கிக்கொண்டு ஒட்டுக் கேட்பாள். இது அவள் கேட்கக்கூடாத கதை.

அவளுடைய விடுகைப் பத்திரத்துக்காக எங்கள் பள்ளிக்கூட அதிபரிடம் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். நூலகப் புத்தகம் திரும்பி வராமல் கையெழுத்துப் போட முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். பத்திரம் இல்லாமல் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள் இல்லை, பிள்ளை சும்மா வீட்டில் இருக்கிறாள் என்று நீங்கள் அழுதது என் காதிலேயே நிற்கிறது. புத்தகம் தொலைந்துவிட்டதென்று அவள் உங்களிடம் சொன்னதை நானும் நம்பினேன். இப்போது நம்பவில்லை.

எங்கள் நூலகம் உங்களுக்குத் தெரியும், ஒரு அறை, இரண்டு அலுமாரி. நாலாம் வகுப்புக்கு நூலகப் பாடம் எடுக்க வேறு யாரும் தலையைக் கொடுக்காததால் அதுவும் என் தலையில் விழுந்தது. முதல் மாதம் வாசிப்பே இல்லை. கருவாடு தொட்ட கையைக் கழுவிவிட்டு வரவும், எச்சில் தொடாமல் பக்கம் புரட்டவும்தான் பழக்கினேன். பிறகு கருவாட்டுப் பெட்டிப் பலகையில் ஆளுக்கொரு குச்சி சீவி, பெயர் எழுதிக் கொடுத்தேன். புத்தகத்தை எடுத்தால் அந்த இடைவெளியில் குச்சியைச் சொருக வேண்டும். திருப்பிக் கொண்டுவந்தால் குச்சியை எடுத்துவிட்டு அதே இடத்தில் புத்தகத்தை வைக்க வேண்டும். “குச்சி இருக்கிற வரைக்கும் அது ஒங்கட இடம், ஒருத்தரும் தொட ஏலாது” என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். உங்கள் மகள் அதைக் குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

போன கிழமை தூசி தட்டும்போது றிஷ்னாவின் குச்சியை எடுக்கப் போனேன். வகுப்பே கத்தியது. அவளோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்த மதுசா, அந்தோனிப்பிள்ளையின் மகள், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெல்ல விசாரித்தேன். ஊரைவிட்டுப் போன அன்று றிஷ்னா அவளிடம், “நான் புத்தகத்தக் குடுக்க மாட்டன். குடுத்தா சாச்சி குச்சிய எடுத்துருவா. பொறகு எனக்கு இங்க எடமில்ல” என்று சொன்னாளாம்.

புத்தகம் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, ராத்தா. தேடிப் பிடிக்காதீர்கள். அடிக்கவும் வேண்டாம். உங்களுக்கு வாயை விடக் கை முந்தும்.

அந்த இடத்தில் வேறொரு புத்தகம் வாங்கி வைத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அதிபர் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். நாளைக்கே முடிக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரியாமல் குச்சியைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. பிடுங்கினால் எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பேன்?

உம்மா மௌத்தாகும்வரை இங்கே அகதி முகாமில் சொல்லிக்கொண்டே இருந்தா, இது எங்கட ஊரில்லை என்று. தொண்ணூறில் மறிச்சுக்கட்டியை விட்டு எங்களைத் துரத்தியபோது நீங்கள் விபரம் தெரிந்த பிள்ளை. விட்டுவந்த வீடு, கிணறு எல்லாம் உங்களுக்கு ஞாபகம். நாலு வயதில் வந்த எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் திரும்பிப் போன சந்தோஷம் எனக்கு விளங்குகிறது, சத்தியமாக விளங்குகிறது. ஆனால் றிஷ்னா பிறந்தது இங்கே. எங்களைத் துரத்தினார்கள், அவளை நாங்களே லொறியில் ஏற்றினோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே இதுதான் உன் ஊர் என்று அவளிடம் சொல்லிச் சொல்லித் திணிக்காதீர்கள். உன் ஊர் கண்டக்குழிதான், இங்கேயும் கொஞ்சம் இருந்து பார் என்று கேளுங்கள். அவளாகப் புத்தகத்தை எடுத்துத் தந்தால் புத்தளம் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அன்றைக்கே பத்திரத்தை வாங்கி அனுப்புகிறேன். தர மறுத்தால் நீங்களே அவளைக் கூட்டி வாருங்கள், அவள் கையாலேயே வைக்கட்டும்.

அல்லாஹ் அந்த மண்ணில் உங்களுக்குப் பறக்கத் செய்யட்டும். குச்சி இல்லாவிட்டாலும் சாச்சியின் வீட்டில் அவளுக்கு இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் ஒருத்திதானே இருக்கிறேன், இடத்துக்கு என்ன குறை.

உங்கள் தங்கை,
றைஸா