எதிர்ப்பாட்டு இல்லாத ஏசல்

என் தங்கம் ஜைனபு,

நீ போய் நான்கு நாள் கழித்துத்தான் எனக்குச் சேதி வந்தது. வேலூரிலிருந்து வந்த நூல் வியாபாரி பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "உங்க பக்கத்து வூட்டுல இருந்தாங்களே, சாயப்பட்டறை பாய் சம்சாரம், அவங்க தவறிட்டாங்களாம்." கையிலிருந்த நூலை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. உனக்காக அழ எனக்கு என்ன உரிமை?

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பேத்தி செல்வி எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். இது என் கையாலேயே வரவேண்டும். யார் படித்தாலும் படிக்கட்டும்.

என் தம்பி ஏழுமலைக்கு ஏசல் பாடக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். நலங்கு வைக்கும்போது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலியாகப் பாடுவதும், அவர்கள் பதிலுக்குப் பாடுவதும் எங்கள் வழக்கம். நான் பாடாமல் எங்கள் தெருவில் ஒரு நலங்கும் முடிந்ததில்லை. நீயும் வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டு முந்தானையை வாயில் அடைத்துச் சிரிப்பாய். "யக்கா, அந்த மாப்பிள மூக்கப் பத்தி இன்னொரு வாட்டி பாடு" என்பாய்.

அந்த மெட்டைத்தான் ஏழுமலை எடுத்தான். திருவிழாக்களில் பாடும் குழு ஒன்று வைத்திருந்தான். வெளியூர் ஆள் ஒருத்தன் வந்து வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். உன் ஜனத்தைப் பூச்சி என்றது பாட்டு, விஷம் என்றது. கடைசி அடியில் ஆரணி ஆற்றோரத்து உங்கள் சாயப்பட்டறையை அடையாளம் சொன்னது. அதற்குமேல் இங்கே எழுதமாட்டேன்.

கேசட் போட்டார்கள். டீக்கடையில் காலையிலும் அது, சாயந்திரமும் அது. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஏசல் மெட்டு அல்லவா? அதைக் கேட்டால் சிரித்துத்தான் எங்கள் வாய்க்குப் பழக்கம்.

திருவிழா ஊர்வலம் பட்டப்பகலில் உங்கள் பட்டறை முன்னால் நின்றது. ஏழுமலை அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடினான். மூன்றாவது முறை பாடும்போது பட்டறை எரிந்தது. உன் வீட்டுக்காரர் கரீம் பாய் உள்ளே இருந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தார். கொளுத்தினவன் யார் என்று இன்றுவரை தெரியாதாம். அத்தனை ஜனம் நின்றது, ஒருத்தருக்கும் கண் இல்லை.

போலீஸ் ஏழுமலையையும் ஆர்மோனியக்காரனையும் டோலக்குக்காரனையும் பிடித்தது. பாட்டுப் பாடினதற்குக் கேஸா என்று ஊரே நக்கலடித்தது. கோர்ட்டில் கேசட்டைப் போட்டால் வெறும் இரைச்சல். யார் கை பட்டு அழிந்ததோ. டீக்கடைக்காரன் "நான் கவனிக்கலீங்க" என்றான். மைக் செட்டுக்காரன் "சத்தத்துல வார்த்த புரியலீங்க" என்றான். அந்த இரண்டு வீட்டிலும் இன்றுவரை நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இனியும் குடிக்கமாட்டேன்.

பாட்டு முழுசாகத் தெரியும், நான் சொல்கிறேன் என்று சர்க்கார் வக்கீலிடம் நானே போய் நின்றேன். சாட்சிக்கு முந்தின நாள் ஏழுமலை வந்தான்.

"யக்கா, உன் இடுப்புல வளந்தவன் நானு. கூண்டுல ஏறி என்னையே காட்டிக் குடுப்பியா?"

"எத்தினி தேய்ச்சாலும் சாயம் போவாதுடா அந்த மனுசன் கையி. ஆஸ்பத்திரியில அதுல சாயம் எது, தோலு எதுன்னே தெரியல. எந்திரிச்சிப் போடா."

எனக்கு மெட்டில்லாமல் வார்த்தை வராது. "பாடித்தான் சொல்லணும் சாமி" என்றேன். ஜட்ஜ் தலையசைத்தார். உன் மகள் மும்தாஜோடு நீ மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன் எதிரிலேயே ஓரடி விடாமல் பாடினேன். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நடுவில் கையை எடுத்துவிட்டார்.

ஏழுமலையின் வக்கீல் எழுந்தார். "மூணாங்கிளாஸ் படிச்ச உங்களுக்கு இவ்ளோ எப்படிம்மா ஞாபகம் இருக்கு?"

"என் கல்யாணப் பந்தியில, பின்னால என் தம்பிக்கு மாமனாரா வந்தவரு என் எலைய மட்டும் தாண்டிப்போயி பாயசம் ஊத்துனாரு. முப்பத்தஞ்சு வருசம் ஆவுது. அதுவே மறக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"இது உங்க கல்யாண ஏசல் மாதிரிதானே? ஏசல் பாடினா குத்தமா?"

"ஏசலுக்கு எதிர்ப்பாட்டு உண்டு சாமி. அவங்களும் பதிலுக்கு நம்மள நாறடிப்பாங்க. அப்புறம் ரெண்டு கட்சியும் ஒரே பந்தியில உக்காந்து துன்னுவோம். இந்தப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு பாட அவங்க கையில யாரு மைக்கக் குடுத்தாங்க?"

உட்காரப் போன வக்கீல் திரும்பி இன்னொன்று கேட்டார். "இந்தப் பாட்டை நீங்க எப்பவாவது பாடியிருக்கீங்களா?"

"இல்ல சாமி" என்றேன். அதற்குச் சற்று முன்புதான் சத்தியம் செய்த வாய்.

வெளியே புளியமரத்தடியில் உன் கையைப் பிடிக்க வந்தேன். நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நல்லாப் பாடுன யக்கா. அன்னிக்கு ராட்டை சுத்திகினு பாடுனியே, அதே மாரி பாடுன" என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் மகளோடு வேலூருக்குக் குடிபோய்விட்டாய், என்னிடம் பேசவே இல்லை.

ஆமாம் ஜைனபு, பாடினேன். பட்டறை எரிவதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு காலைவேளை. நான் ராட்டை சுற்றிக்கொண்டு பாட, செல்வி எதிரில் உட்கார்ந்து கை தட்டினாள். திரும்பிப் பார்த்தபோது வாசற்படியில் சாயம் போட்ட நூல் இருந்தது, இன்னும் ஈரமாக. கொண்டுவந்த உன்னைக் காணவில்லை. அவசரமாகப் போயிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோர்ட்டில் ஏன் பொய் சொன்னேன்? "பார்த்தீர்களா, சாட்சியே பாடியிருக்கிறாள், இது வெறும் விளையாட்டுப் பாட்டு" என்று வக்கீல் மடக்குவார், கேஸ் போய்விடும் என்றா? அல்லது நீ அங்கே உட்கார்ந்திருந்தாய் என்றா? இத்தனை ஞாபகம் வைத்திருக்கும் எனக்கு அதற்குமட்டும் விடை தெரியவில்லை.

ஏழுமலைக்கு ஒரு வருஷம் போட்டார்கள். வெளியே வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டு அழைத்துவந்தார்கள். இப்போது கல்யாணங்களில் பாடுகிறான். எதிரே வந்தால் எச்சில் துப்புகிறான், துப்பட்டும். என்னை நலங்குக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

போன மாதம் செல்வி பாத்திரம் துலக்கிக்கொண்டே ஏதோ முனகினாள். கிட்டப் போய்க் கேட்டேன். அதே பாட்டு, வார்த்தையோடு.

"யாருடி இத உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நீதான் ஆயா."

கேசட் அழிந்துவிட்டது ஜைனபு. டீக்கடைக்காரன் மறந்துவிட்டான். என் வீட்டில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை செல்வியைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறுகிறேன். "உங்கம்மா காதுபட இந்தப் பாட்ட பாடுனது நானு. கோர்ட்டுல இல்லன்னு பொய் சொன்னதும் நானு" என்று பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மும்தாஜிடம் சொல்வேன். கதவைச் சாத்தினால் தெருவில் நின்று சொல்வேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். நான் யாரையும் மன்னித்தவள் இல்லை, எனக்குமட்டும் எப்படிக் கேட்பது? ஆனால் சொல்லாமல் ஆரணிக்குத் திரும்பமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இந்த முறை பொய் இல்லை.

இப்படிக்கு,
ஏழுமலைக்கும் உனக்கும் அக்கா,
தனபாக்கியம்