வாய் மூடிய ஆறு

ஜூன் 3
நான் வரைந்த தடித்த எழுத்துருவை அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் மருந்துக் குப்பிகளுக்கு ஒட்டும் சீட்டுக்கானது. வாலும் குஞ்சமும் இல்லாத மொட்டை எழுத்து. ஒன்றுக்கும் எட்டுக்கும் ஒரே அகலம். தடிமன் ஏற்ற ஏற்றக் கோடு உள்பக்கம்தான் வளரும்; சுவர் தடிக்கும், வீடு பெரிதாகாது. பாப்பாவுக்கு ஜுரம் என்று குழந்தைகள் காப்பகத்திலிருந்து மூன்று முறை போன். சீட்டு அச்சிடும் குட்டி இயந்திரத்தில் போட்டுப் பார்க்காமல், ஆபீஸ் பிரிண்டரில் பார்த்தே அனுப்பினேன். "இந்தத் தடவையாச்சும் நேரத்துக்கு முடிச்சியே" என்றார் முதலாளி.

ஜூன் 4
ஜுரம் இறங்கிவிட்டது. எனக்குத்தான் ஏறுகிறது.

ஜூன் 19
நாத்தனார் வந்தாள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு சீட்டை நீட்டினாள்.
"அண்ணி, இது ஆறா எட்டா?"
எட்டு என்றேன்.
"ஆறு! நீங்க பெத்த புள்ள, உங்களுக்கே அடையாளம் தெரியல."
சிரித்தாள். சூட்டில் அச்சாகும் தாளில் கருமை பரவி ஆறின் வாய் மூடியிருந்தது.
"யாருக்காவது ஏதாவது...?"
"இதுவரைக்கும் இல்ல. ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் ஊசி போடறோம்."
இதுவரைக்கும்!

ஜூன் 20
முதலாளியிடம் சொல்லவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வந்ததிலிருந்தே என் நாற்காலி ஆடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரரும், "யாரும் கேக்கலியே, நீயா ஏன் வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கற?" என்கிறார்.
யாரும் கேட்கவில்லைதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற குழந்தை எப்படிக் கேட்கும்?

ஜூன் 22
பாப்பாவுக்கு இருமல் மருந்து. அளவுக் கோட்டை மூன்று தரம் பார்த்தும் நம்பாமல் நாலாம் தரமும் பார்த்தேன். ஐயோ, என்ன செய்து வச்சிருக்கேன்.

ஜூன் 23
சொல்லிவிட்டேன். முதலாளி கத்தவில்லை, அதுதான் பயம்.
"எதுல அச்சடிச்சுப் பாத்த?"
"ஆபீஸ் பிரிண்டர்ல சார்."
என் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "அந்தச் சீட்டெல்லாம் உடனே நிறுத்துங்க. இங்க ஒருத்தி அவசரப்பட்டுட்டா."
ஒருத்தி.

ஜூலை 14
ஆறின் வாயை அகலத் திறந்து, மூலைகளில் கோட்டை மெலிதாக்கி, திருத்திய எழுத்துரு போய்விட்டது. வரைந்தவர் பக்கத்து மேசைக்காரர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9
நாத்தனார் புதுச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். போனைக் கைநீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு ஆறாகவே தெரிந்தது.
என் நாற்காலி போனபின் பாப்பாவைக் காப்பகத்திலிருந்து நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. ஒன்பது மணியானால் இன்னும் செருப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்கிறாள்.