சிலிண்டருக்குக் குளிரெடுத்த அன்று

மாதா துணை

தூத்துக்குடி
12-2-1979

அன்பு மகள் அருணாசலவடிவுக்கு, ரோச் பர்னாந்து எழுதுவது. உன் வீட்டுக்காரர் தாணுலிங்கம் வேலை செய்யும் இறால் கம்பெனியில் நான் காவல்காரன். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

முதியோர் பள்ளியில் எழுத்துப் படித்தபின் நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். ஒரு வரி முடிவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை முடிந்துவிடுகிறது. ஆனாலும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. தாணுலிங்கம் தம்பியின் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. "சும்மா சிராய்ப்புன்னு எழுதும் அண்ணாச்சி, தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வரச் சொல்லுவா" என்றார். முதல் கடிதத்திலேயே பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, இறாலை உறையவைக்கும் மெஷினுக்குத் தம்பி கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். கேஸ் போகப் போக சிலிண்டர் குளிர்ந்து, மேலெல்லாம் வெள்ளையாகப் பனி பிடித்தது. கேஸ் வருவதும் குறைந்தது. கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் சிலிண்டரை வைத்தால் சரியாகும் என்று வாளியோடு போனார். சூடு பார்க்க வலது கையுறையைக் கழற்றியிருக்கிறார்.

அந்நேரம், அங்கே இறால் உரிக்கும் என் மகள் பேபி எட்டிப் பார்த்தாள். சங்கு குளித்து நடுங்கிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு நாங்கள் கங்குச் சட்டி வைத்துக் குளிர்காய விடுவோம். அதே இரக்கத்தில் சிலிண்டருக்கும் ஒரு சட்டி வைத்துவிட்டாள்.

திரும்பி வந்த தம்பி, "ஏளா, வெடிச்சிரும், வெளிய ஓடு" என்று அவளைத் தள்ளிவிட்டு, வாளித் தண்ணீரைக் கங்கில் கவிழ்த்து, வால்வை அடைக்கப் போனார். அதற்குள் குழாய் பிய்ந்து, கேஸ் அந்த வெறுங்கையில் பீய்ச்சிவிட்டது. சுட்டது குளிர்தான். ஆனாலும் நெருப்புப் பட்டதுபோலவே கொப்பளித்துவிட்டது. அப்படியும் அடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

விரல் ஐந்துக்கும் மோசமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். "துரைக்குக் கரண்டி இல்லாம இறங்காதோ" என்று பேபி கேலி செய்கிறாள். சொல்லிவிட்டு, திரும்பிக்கொண்டு அழுகிறாள்.

மகளே, அவர் வேலையை விடுவதும் விடாததும் உன் பாடு, அவர் பாடு. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒருமுறை பஸ் ஏறி வந்து அவரைப் பார்த்துப் போ. அவரைக் கோபித்துக்கொள்ளாதே. பேபிக்கு இரண்டு பிள்ளைகள். உன்னை என்ன முறை சொல்லி அழைப்பது என்று கேட்கிறார்கள். தம்பி இனி அவர்களுக்குத் தாய்மாமன், அதனால் உன்னை அத்தை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நீ நூறு வருஷம் அவரோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் தகப்பன் ஸ்தானத்தில்,
ரோச் பர்னாந்து