கதவுக்கு இந்தப் பக்கம்

மகனுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இடது கையால் எழுதியிருக்கிறாய் என்பது எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. வலது கையை முறித்தவள் நான்தான். ஆனாலும் எலும்பு கூடிவருகிறதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சிறை மருத்துவர் சொல்லும்வரை கட்டைப் பிரிக்காதே. உன் பழைய மூக்குக்கண்ணாடியும் இரண்டு பனியனும் இதோடு வருகின்றன.

தாயும் பிள்ளையும் நலம். அதற்குமேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. படம் கேட்டிருந்தாய். அவளிடம் கேட்டேன், வேண்டாம் என்றாள்.

அவள் கால் தடுக்கி விழுந்து தலையை இடித்துக்கொண்டாள் என்று நான் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டுமாம். முதல் பிரசவப் பதற்றத்தில் மூன்று பேருக்கும் புத்தி கலங்கிவிட்டது என்று உன் வக்கீல் சொல்வாராம். எனக்குக் கலங்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன், படித்துப் பார்.

காலை ஏழரைக்கு வலி தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும்வரை வீட்டிலேயே இருக்கட்டும், நடக்கட்டும், இடுப்பை அழுத்திவிடுங்கள் என்றார் நர்ஸ். நீ நன்றாகத்தான் செய்தாய். ஆஸ்பத்திரி வகுப்பில் கற்றுக்கொடுத்தபடி உள்ளங்கையை ஊன்றி அழுத்தினாய், நேரம் குறித்தாய். நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அல்லவா, "லிஃப்டே தேவல, பட்டன அமுக்கினா இறங்கிடும்" என்று சொல்லி அவளைச் சிரிக்கவும் வைத்தாய். சமையலறையிலிருந்து பார்த்துப் பெருமைப்பட்டேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. படித்த காக்கைக்கும் அப்படித்தான்.

நீ குளிக்கப் போனபோது நான் அழுத்தினேன். கை பட்டதும் துடித்தாள். நைட்டியை விலக்கினேன். விலாவில் மஞ்சள், அதன் கீழே பச்சை, இடுப்பில் கருநீலம். இருபது வருடமாக வேதியியல் நடத்துகிறவள் நான். அவை ஒரே நாளில் வந்தவை அல்ல என்று எனக்குத் தெரியாதா? போன மாதம் அவளாகவே என்னிடம் சொல்ல வந்தாள். மாணவிகளிடம் கேட்பதுபோல, ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. இப்போது நானாகக் கேட்டதற்கு, "இப்ப வேணாம் அத்தை, அடுத்தது வருது" என்றாள்.

நீ வந்தாய், அழுத்தப் போனாய். வலியின் உச்சத்தில் உன் கையைத் தட்டிவிட்டாள். அவ்வளவுதான். முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினாய். "உலகத்துல நீ ஒருத்திதான் பிள்ளை பெக்குறியா" என்றாய். மறுபடி மோதினாய். மூன்றாவது முறைக்கு முன் முக்காலி என் கையில் இருந்தது. எடுத்தது நினைவில்லை. ஓங்கி அடித்தது நினைவிருக்கிறது. நீ கத்துவதற்கு முன்பே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது.

அவளைப் படுக்கையறைக்குள் இழுத்துத் தாழிட்டேன். அவள் போனிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பீரோவை நகர்த்த என்னால் முடியவில்லை. கதவில் முதுகைக் கொடுத்து, கட்டில் காலில் காலை ஊன்றித் தரையில் உட்கார்ந்தேன். அவள் மண்டியிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் நெற்றி ரத்தம் என் கழுத்து வழியாக இறங்கியது. நீ உதைத்த ஒவ்வொரு உதையும் என் முதுகெலும்பைத் தாண்டி அவளுக்குப் போயிற்று. மூச்சை மெல்ல விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். விட்டாள். இடையில் நீ உதைப்பதை நிறுத்திவிட்டு, சின்ன வயதில் கூப்பிட்ட குரலில் "அம்மா, கதவத் திறம்மா" என்றாய். என் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. அவள்தான் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கியபோது கதவின் மேல் கீல் பிய்ந்துவிட்டது. அதற்குள் வந்துவிட்ட ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து உன்னைத் தரையில் அமுக்கினார்கள். ஒருவருக்கு உன்னால் பல் போயிற்று.

ஏன் இப்படி ஆனாய் என்று யோசித்துப் பார்த்தேன். உன் அப்பா இருந்தவரை யார்மீதும் கை வைத்ததில்லை. நானும் உன்னை அடித்து வளர்க்கவில்லை. ஒரு காரணம் கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உன்னை மன்னித்திருப்பேன். கிடைக்கவில்லை.

போலீசில் கொடுத்த புகார் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. விசாரணை அன்று, பெற்ற பிள்ளைக்கு எதிராக ஒரு தாய் பேசுவாளா என்று உன் வக்கீல் கேட்பார். பேசுவாள் என்று சொல்வேன். அதைச் சொல்லும்போது என் குரல் உடையலாம். அதை உனக்குச் சாதகமாக்கிக்கொள்ள அவரை விடாதே. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா